அல்கொய் மலையடியில் அண்ணையின் கமம்

அண்ணையின் மகள் போன வருடம் என் வீட்டுக்கு வந்திருந்தபோது, தன் தகப்பன் எப்படி இந்த நாட்டுக்கு வந்தார், எப்படி வாழ்ந்தார், எப்படிச் செத்தார் என்று கேட்டாள். தகப்பன் போகும்போது அவளுக்கு இரண்டு வயதுகூட ஆகவில்லை. தாய் அதைப் பற்றிப் பேசமாட்டார். அவளுக்குத் தமிழ் தெரியாது. எனக்குத் தெரிந்த ஜெர்மனில் ஒரு மாலை முழுக்கச் சொன்னேன். அவளை ரயிலேற்றிவிட்டுத் திரும்பும்போது, சொன்னதில் பாதி சரியாக வரவில்லை என்று பட்டது. அண்ணை பேசிய மொழியில் அதை ஒருமுறை எழுதிவிட வேண்டும்.

நாங்கள் மன்னார் பக்கத்துக் கத்தோலிக்கக் கமக்காரர். கட்டுக்கரைக் குளத்துத் தண்ணீரில் நெல் விளைவித்த குடும்பம். அப்பாவுக்கு நாங்கள் இரண்டே பிள்ளைகள்: அண்ணையும் தங்கச்சி நானும். அண்ணை படிப்பை இடையில் விட்டுவிட்டு அப்பாவோடு வயலில் இறங்கினவர். எண்பத்துமூன்றாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு எங்கள் பக்கத்தில் இளம் பெடியன்களை ஆமி வீடு வீடாக வந்து பிடித்துக்கொண்டு போகத் தொடங்கியது. பக்கத்து வளவில் பிடிபட்டவன் திரும்பி வந்தபோது அவனால் கையைத் தூக்கிச் சோறு சாப்பிட முடியவில்லை. அதைப் பார்த்த அன்றே அப்பா முடிவெடுத்துவிட்டார். அடுத்த வருடம் தொடங்கியதும் அண்ணையைக் கொழும்புக்குக் கூட்டிப்போய் மொஸ்கோ விமானத்தில் ஏற்றிவிட்டார். மொஸ்கோவிலிருந்து கிழக்கு பெர்லின், அங்கிருந்து சுரங்க ரயிலில் மேற்கு பெர்லின். அந்த நாட்களில் எங்கள் ஆட்கள் வந்த வழி அதுதான்.

பெர்லினிலிருந்து அண்ணையை நாட்டின் மறுமுனைக்கு, தெற்கே அல்கொய் என்ற மலையடிவாரத்துக்கு அனுப்பினார்கள். சின்னப் பட்டணம் ஒன்றில் பூட்டிக் கிடந்த பழைய விடுதிதான் அகதி முகாம். ஒரு அறையில் எட்டுப் பேர். சாப்பாடு பெட்டியில் வரும். வேலை செய்யக்கூடாது. மாவட்ட எல்லையைத் தாண்டக்கூடாது. அகதி விண்ணப்பத்துக்குப் பதில் வரும்வரை காத்திருக்க வேண்டும். அது எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. மற்றவர்கள் கடதாசிச் சீட்டு விளையாடினார்கள், படுத்தார்கள், சண்டை பிடித்தார்கள். அண்ணை நடந்தார். விடிந்தால் வெளிக்கிட்டு, புல்வெளிகளுக்கு நடுவே போகும் ஒழுங்கைகளில் மத்தியானம்வரை நடப்பார். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று மற்றவர்களின் மாடுகளைப் பார்ப்பார்.

அந்த வருடம் மார்கழியில் மன்னார் வீதியில் ஆமிக்காரர் வாகனங்களை மறித்துச் சுட்டார்கள். அப்பா வந்த பஸ்ஸும் அதில் ஒன்று. உடலை எடுத்துவந்து அடக்கம் செய்தது நானும் அம்மாவும் சித்தப்பாவும்தான். சுவிஸில் இருந்த ஊர்க்காரர் ஒருவர் வழியாக அண்ணைக்குச் செய்தி போய்ச் சேர ஒரு கிழமைக்கு மேல் சென்றது. எட்டுப் பேர் இருக்கும் அறையில் அவரால் அழ முடியவில்லை. பனிக்குள் நடக்கத் தொடங்கினார். நடந்து நடந்து ஒரு கிராமத்துக் கோயில் திறந்திருப்பதைக் கண்டு உள்ளே போய்க் கடைசி வரிசை வாங்கில் உட்கார்ந்தார்.

பீடத்துக்கு முன்னால் ஒரு பெண் மெழுகுதிரிகளை மாற்றிக்கொண்டிருந்தார். அழுகைச் சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்து, கிட்ட வந்து ஏதோ கேட்டார். அண்ணைக்கு விளங்கவில்லை. தெரிந்த இரண்டு சொல்லைச் சேர்த்து, "ஃபாட்டர் டோட்" என்றார். அப்பா செத்துப்போனார். அந்தப் பெண் கையிலிருந்த மெழுகுதிரியைக் கீழே வைத்தார். பிறகு தன் நெஞ்சில் கை வைத்து, "மான் டோட்" என்றார். என் புருஷன் செத்துப்போனார்.

அவர்தான் பிறகு என் மச்சாள்.

அவருடைய கணவர் அதற்கு முந்திய கோடையில் சரிவான புல்வெளியில் ட்ராக்டர் கவிழ்ந்து இறந்திருந்தார். பிள்ளைகள் இல்லை. இருபதுக்கு மேற்பட்ட மாடுகளும், மலைச்சரிவில் புல்நிலமும், கணவரின் தாயும்தான் மிச்சம். அந்தத் தாய்க்கு, சாகும்வரை கீழ்வீட்டு இரண்டு அறையிலும் இருக்கும் உரிமை காணிப் பத்திரத்திலேயே இருந்தது. அவரை ஊரில் எல்லோரும் ஓமா என்பார்கள், பாட்டி என்று அர்த்தம். நானும் அப்படியே எழுதுகிறேன்.

மச்சாள் அன்றைக்கு அண்ணையை வீட்டுக்குக் கூட்டிப்போய் சூப் கொடுத்தார். குடித்து முடித்ததும் அண்ணை வீட்டோடு ஒட்டியிருந்த தொழுவத்துக்குள் போய், சுவரில் சாத்தியிருந்த மண்வெட்டியை எடுத்துச் சாணி அள்ளத் தொடங்கிவிட்டார். மச்சாள் தடுக்கவில்லை. அடுத்த நாளும் அண்ணை போனார். அதற்கு அடுத்த நாளும் போனார். வசந்தம் வரும்வரை அப்படியே நடந்தது. பிறகு யாரோ பொலிசுக்குச் சொல்லிவிட்டார்கள். அகதி ஒருவர் அனுமதி இல்லாமல் வேலை செய்கிறார் என்று. முகாமுக்கு வந்து எச்சரித்தார்கள். இன்னொரு தடவை பிடிபட்டால் விண்ணப்பத்தைப் பாதிக்கும் என்றார்கள். அண்ணை போவதை நிறுத்தினார்.

ஞாயிறு பூசை முடிந்ததும் மச்சாள் முகாமுக்கே வந்துவிட்டார். மற்ற ஏழு பேரும் பார்த்துக்கொண்டிருக்க, கட்டிலில் இருந்த அண்ணைக்கு முன்னால் நின்று, அவருக்கு விளங்கவேண்டும் என்று மெதுவாகச் சொன்னாராம்.

"உங்களுக்கு வேலை செய்ய அனுமதி இல்லை. எனக்கு வேலைக்கு ஆள் இல்லை. கலியாணம் செய்தால் இரண்டும் சரி. நான் உங்களைவிட ஒன்பது வயது மூத்தவள். யோசித்துச் சொல்லுங்கள்."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?" என்று பிற்பாடு அண்ணையிடம் கேட்டேன்.

"நான் என்னத்தைச் சொல்லுறது? சப்பாத்தைப் போட்டுக்கொண்டு எழும்பினன்."

"விருப்பமோ, இல்லாட்டி விசாவுக்கோ?"

அண்ணைக்குக் கோபம் வரவில்லை. "விசாவுக்குத்தான். பொய் சொல்லேலாது. அவவுக்கும் வேலைக்குத்தான். ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் ஏமாத்தேல்லை, பிள்ளை. அது நல்ல தொடக்கம்தானே."

அப்போது அம்மா படகேறி ராமேஸ்வரம் போய் மண்டபம் முகாமில் இருந்தார். வெள்ளைக்காரி, புருஷனை இழந்தவள், வயதும் கூட என்று தயங்கித் தயங்கி எழுதியிருந்தோம். அம்மா திருப்பிக் கேட்டது ஒன்றே ஒன்று: "கத்தோலிக்கமோ?" ஓம் என்று அறிந்ததும் வேறு எதுவும் கேட்கவில்லை. அந்தக் கோடையில் கலியாணம் முடிந்தது.

நானும் என் கணவரும் அதே பெர்லின் வழியால் வந்து சேர்ந்தது எண்பத்தைந்தாம் ஆண்டு இலையுதிர் காலத்தில். அண்ணை அங்கே இருக்கிறார் என்று மன்றாடி அதே மாவட்டத்து முகாமைக் கேட்டு வாங்கினோம். பஸ்ஸை விட்டு இறங்கியபோது, நீல நிற வேலைச் சட்டையும் முழங்கால்வரை ரப்பர் சப்பாத்துமாக நின்றவரை எனக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. மெலிந்திருந்தார். கை மட்டும் அப்பாவின் கைபோலக் காய்த்துப் போயிருந்தது. கிட்டப் போனதும் மாட்டு மணம் அடித்தது. அதை மோந்ததும்தான் நான் அழத் தொடங்கினேன்.

எங்களுக்கும் வேலை செய்யத் தடை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் சொந்த அண்ணன் வீட்டுக்குப் போவதை யாரும் தடுக்க முடியாது. போவேன், மச்சாளின் குசினியில் சோறும் கறியும் சமைப்பேன். மச்சாள் உறைப்பில் கண்ணீர் வடியச் சாப்பிடுவார். அண்ணைக்கு உட்கார நேரமே இருக்காது. விடிய ஐந்து மணிக்குப் பால் கறவை, பிறகு தொழுவம் கழுவல், கோடையில் புல் வெட்டிக் காய வைத்தல், மாலையில் மறுபடி கறவை. ட்ராக்டர் ஏறாத சரிவில் அரிவாளால் வெட்டவேண்டும். மச்சாளின் முதல் கணவர் ட்ராக்டரை ஏற்றிக் கவிழ்ந்து செத்த சரிவும் அதுதான். அங்கே வெட்டப் போகும்போதெல்லாம் மச்சாள் வேலையை விட்டுவிட்டு வாசலில் வந்து நிற்பார்.

ஊர் அண்ணையை ஏற்றுக்கொண்டது என்று சொல்லமுடியாது. துரத்தவும் இல்லை. பால் கொடுக்கும் இடத்துக்கு அண்ணை வந்தால் மற்ற ஆண்கள் பேச்சை நிறுத்துவார்கள், தலையசைப்பார்கள், அவர் போனதும் தொடர்வார்கள். கோயில் பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரத்தில் கை கொடுப்பார்கள். அவ்வளவுதான்.

ஓமா அதுவும் செய்யவில்லை. ஒரே கூரையின் கீழ் இருந்துகொண்டு அண்ணையோடு ஒரு சொல் பேசியது கிடையாது. மச்சாளிடம் ஏதாவது சொல்லவேண்டுமென்றால் "அந்தக் கறுப்பன்" என்றுதான் தொடங்குவார். என் மகனின் மாடு, என் மகனின் ட்ராக்டர், என் மகனின் சட்டை. சட்டை உண்மையிலேயே மகனுடையதுதான். அண்ணை உடுத்திய நீலச் சட்டைகள் எல்லாமே செத்தவருடையவை.

"எப்பிடி இதுக்குள்ளை இருக்கிறியள்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அவ பிள்ளையைப் பறிகொடுத்தவ. நான் அந்த மகன்ரை உடுப்பைப் போட்டுக்கொண்டு அந்த மகன்ரை கதிரையிலை இருக்கிறன். நானெண்டாலும் கதைக்கமாட்டன்" என்றார்.

எண்பத்தாறு வசந்தத்தில் மச்சாள் கர்ப்பமாக இருந்தார். நாற்பதை நெருங்கிய வயது. முதல் கணவரோடு வாய்க்காத பிள்ளை. குளிர் முடிந்து அண்ணை மாடுகளைப் புல்வெளிக்கு விட்டு இரண்டு மூன்று நாள்தான் ஆகியிருக்கும். நல்ல மழை ஒன்று பெய்தது. புல்லுக்கு நல்லது என்று அண்ணை தொப்பியில்லாமல் அந்த மழையில் நின்று வேலி கட்டியிருக்கிறார். அதற்குப் பிறகுதான் வானொலியில் சொன்னார்கள். சோவியத் நாட்டில் அணு உலை வெடித்துவிட்டது, நஞ்சு மேகம் தெற்கு ஜெர்மனிக்கு மேலே வந்து மழையோடு இறங்கியிருக்கிறது, மாடுகளை வெளியே விடாதீர்கள், தோட்டத்துக் கீரையைச் சாப்பிடாதீர்கள், பிள்ளைகளை மண்ணில் விளையாட விடாதீர்கள்.

அந்த ஞாயிறு நான் போனபோது மாடுகள் எல்லாம் உள்ளே அடைபட்டுக் கத்திக்கொண்டிருந்தன. பழைய காய்ந்த புல் முடிகிற காலம். வெளியே முழங்கால் உயரத்துக்குப் பச்சைப் புல் நிற்கிறது, கொடுக்கக் கூடாது. மச்சாள் யன்னல்களை எல்லாம் பூட்டிக்கொண்டு மேல் அறையில் இருந்தார். தான் கறந்த பாலைத் தானே குடிக்கப் பயந்து, கடையில் வெடிப்புக்கு முன் செய்த பால்மா தேடி வாங்கி வைத்திருந்தார். அண்ணை வீட்டுக்குப் பின்னால் போட்டிருந்த கீரையையும் வெங்காயத்தையும் கொத்திப் புரட்டி மண்ணுக்குள் மூடிக்கொண்டிருந்தார்.

"ஆமிக்காரன் வந்தாலும் வாறது தெரியும். நாய் குலைக்கும், ஒளிக்கலாம். இது எங்கை நிக்குதெண்டு ஆர் கண்டது?" மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு தன் கைகளைப் பார்த்தார். "நான் அந்த மழைக்குள்ளை நிண்டனான், பிள்ளை. அந்தச் சட்டையோடை வந்து அவவுக்குப் பக்கத்திலை இருந்தனான்."

யாரிடம் கேட்பது? வைத்தியர் ஒன்றும் ஆகாது என்றார். செய்தியில் ஒருவர் ஆகும் என்றார், இன்னொருவர் தெரியாது என்றார். அந்தக் கோடை முழுக்க மச்சாளும் அண்ணையும் பிள்ளைக்குப் பெயர் யோசிக்கவில்லை. தொட்டில் வாங்கவில்லை. ஐப்பசியில் பெண்பிள்ளை பிறந்தது. அண்ணை ஆஸ்பத்திரியில் பிள்ளையின் கையையும் காலையும் துணிக்கு வெளியே எடுத்து ஒவ்வொரு விரலாகத் தொட்டுப் பார்த்ததை நான் கண்ணால் கண்டேன். பிறகு நாற்காலியில் சரிந்து இருந்தவர் அப்படியே உறங்கிப்போனார்.

ஓமா ஞானஸ்நானத்துக்கு வரவில்லை. ஆனால் பிள்ளை தவழத் தொடங்கிய காலத்தில், மச்சாளும் அண்ணையும் கறவையில் இருக்கும் வேளைகளில், பிள்ளை ஓமாவின் அறைக்குள் போய்விடும். ஓமா கதவைச் சாத்துவதில்லை. அண்ணை தேடிக்கொண்டு வாசலுக்கு வந்தால் பிள்ளையைத் தூக்கி அவர் கையில் கொடுப்பார், பேசாமல். அதுவரைக்கும்தான் வந்தது.

எண்பத்தெட்டு ஆவணி மாதக் கடைசிச் சனிக்கிழமை. இனி நடந்ததைச் சொல்ல, அந்தத் தொழுவத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். தொழுவத்துக்கு வெளியே நிலத்தின் கீழே சீமெந்தால் கட்டிய பெரிய கிடங்கு இருந்தது. சாணி, மூத்திரம், கழுவிய தண்ணீர் எல்லாம் அதற்குள் சேரும். கியூல்ல என்பார்கள். புல் வெட்டியபின் ட்ராக்டரில் பூட்டிய கலக்கியால் அதை நன்றாகக் கலக்கி, தாங்கியில் ஏற்றி நிலத்துக்கு இறைப்பார்கள். கலக்கும்போது அதிலிருந்து ஒரு நச்சுவாயு எழும்பும். அது அண்ணைக்குத் தெரியும். மச்சாள் முதல் வருடமே சொல்லியிருந்தார். கலக்கும்போது மூடிப் பலகைகளுக்குக் கிட்டப் போகக்கூடாது, உள்ளே இறங்கவே கூடாது.

அன்றைக்குக் கலக்கி முடித்து அண்ணை ட்ராக்டரை நிறுத்தியிருக்கிறார். பலகைகளை இன்னும் மூடவில்லை. தொழுவத்துக்குள் கட்டியிருந்த கன்று ஒன்று கயிற்றை அறுத்துக்கொண்டு வெளியே ஓடிவந்து, நேராகத் திறந்திருந்த வாய்க்குள் விழுந்துவிட்டது. கன்று கீழே கத்தியது. அண்ணை ஏணியை வைத்துக் கயிற்றோடு இறங்கினார்.

ஞாயிறு சமையலுக்கென்று முதல் நாளே வந்திருந்த நான் குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். பிள்ளை மேசைக்குக் கீழே ஒரு சட்டியை வைத்துத் தட்டிக்கொண்டிருந்தாள். வெளியே மச்சாள் அண்ணையின் பெயரைச் சொல்லிக் கத்தினார். ஒருமுறை. பிறகு விடாமல். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

கிடங்கின் ஓரத்தில் மச்சாள் நின்றார். ஒரு கால் ஏணிமேல். பின்னாலிருந்து ஓமா அவரது இடுப்பைச் சுற்றி இரண்டு கையாலும் கட்டிப் பிடித்திருந்தார். எழுபத்தைந்து தாண்டியவர், குழந்தை உயரமே இருப்பவர், பலகையின் விளிம்பில் இரண்டு காலையும் ஊன்றிப் பின்னால் சாய்ந்து இழுத்தார். மச்சாள் விடுவித்துக்கொள்ள முழங்கையால் பின்னுக்கு இடித்தார். அது ஓமாவின் முகத்தில் பட்டு மூக்கிலிருந்து இரத்தம் கொட்டியது. ஓமா விடவில்லை.

"ஒருவர் போதும்!" என்று கத்தினார். "ஒருவர் போதும்! ஒருவர் போதும்!"

நான் கிட்ட ஓடியதும் என்னைப் பார்த்து அதைவிட உரத்துக் கத்தினார். "நீ நில்! பிள்ளையோடு அங்கேயே நில்! தீயணைப்புக்கு டெலிபோன் அடி!"

உள்ளே ஓடிப்போய்த் தொலைபேசியை எடுத்தேன். அந்த நேரம் எனக்குத் தெரிந்த ஜெர்மன் எல்லாம் போய்விட்டது. ஊரின் பெயரைச் சொன்னேன். "மனிதர்" என்றேன். "கியூல்ல" என்றேன். மறுமுனையில் இருந்தவர் வேறு எதுவும் கேட்கவில்லை. அந்தச் சொல் ஒன்றே போதுமாக இருந்தது.

திரும்பி வந்தபோது கன்றின் சத்தம் நின்றிருந்தது. மச்சாளும் ஓமாவும் தரையில் விழுந்து கிடந்தார்கள். ஓமாவின் கைகள் இன்னும் மச்சாளின் இடுப்பில்தான் இருந்தன.

தீயணைப்பு ஆட்கள் முகமூடி போட்டுக்கொண்டு இறங்கினார்கள். பால் கொடுக்கும் இடத்தில் பேச்சை நிறுத்தும் அதே ஆட்கள். அவர்கள்தான் அண்ணையைத் தூக்கி வந்தார்கள், புல்லில் கிடத்தித் தண்ணீரால் கழுவினார்கள். வைத்தியர் வந்து குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார். அண்ணையின் கையில் கயிறு சுற்றியபடி இருந்தது. கன்றின் கழுத்தில் அதைப் போட அவருக்கு நேரம் கிடைக்கவில்லை.

ஓமா சுவரோரத்து வாங்கில் இருந்தார். முகத்து இரத்தத்தைத் துடைக்கவில்லை. நான் பக்கத்தில் போய் இருந்தேன். ஏன் போனேன் என்று தெரியாது. வேறு எங்கே போவதென்றும் தெரியவில்லை. அவர் என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"எனக்கு ஒன்பது வயது. எங்கள் வீட்டுக் கிடங்கில் முதலில் அப்பா இறங்கினார். அப்பா வரவில்லை என்று பெரியண்ணன் போனான். அவன் வரவில்லை என்று சின்னண்ணன் போனான். அம்மா மேலே நின்று ஒவ்வொருவரையும் போகவிட்டார்."

அவர் மகனுக்கு மனைவியாக அந்த வீட்டுக்கு வந்து அவரோடு அத்தனை காலம் வாழ்ந்த மச்சாளுக்குக்கூட அந்தக் கதை தெரிந்திருக்கவில்லை.

அன்று மாலை மாடுகள் கறவைக்குக் கத்தின. பக்கத்துப் பண்ணைக்காரர் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். மச்சாள் கேட்கவில்லை. உடுப்பை மாற்றிக்கொண்டு உள்ளே போய் எல்லா மாட்டையும் கறந்தார்.

அண்ணையை எங்கே அடக்குவது என்ற கேள்வி வந்தது. அந்தக் கோயில் வளவில் ஒவ்வொரு பண்ணைக்கும் ஒரு கல்லறை. அந்தப் பண்ணையின் கல்லறையில் ஓமாவின் கணவரும் மகனும் இருந்தார்கள். பங்குச் சுவாமியார் வந்து தயங்கித் தயங்கிக் கேட்டார். ஓமா நேராகவே பதில் சொன்னார்.

"அங்கே என் மகன் கிடக்கிறான். அவன் பக்கத்து இடம் எனக்கு. இவனுக்கு வேறு இடம் பாருங்கள்."

மதில் ஓரமாக ஒரு புது இடம் கொடுத்தார்கள். பெட்டியைத் தீயணைப்புச் சீருடையில் ஊர் ஆண்கள் சுமந்தார்கள். முகாமில் அண்ணையோடு ஒரே அறையில் இருந்த இருவர், அப்போது பக்கத்து மாவட்டத்தில் இருந்தார்கள். அனுமதி எடுக்க நேரமில்லாமல் ரயிலேறி வந்தவர்களை ஸ்டேஷனில் பொலிஸ் பிடித்துத் திருப்பி அனுப்பிவிட்டது. ஆகவே எங்கள் ஆட்கள் என்று குழியடியில் நின்றது நானும் என் கணவரும் மட்டுமே. மரித்தோருக்கான தமிழ்ப் பாட்டு ஒன்றை நான் தொடங்கினேன். இரண்டு வரிக்குமேல் போகவில்லை.

அம்மாவோடு பேச, மண்டபம் முகாமுக்குப் பக்கத்துக் கடையில் தொலைபேசி இருந்தது. முன்கூட்டிச் சொல்லிவைத்தால் கூட்டிவருவார்கள். அம்மா வந்து "ஆர், பிள்ளையோ?" என்றார். சொன்னேன். கடையில் யாரோ சீனி கேட்பது கேட்டது.

"ஆமியோ?" என்றார் அம்மா.

"இல்லை அம்மா. ஜெர்மனியிலை அப்பிடி ஆமி இல்லை. மாட்டுக் கிடங்கிலை... காத்து நஞ்சாகி..."

"மாட்டுக்கோ?" என்றார். "மாட்டுக்காகச் சாகவோ அவனை அங்கை அனுப்பினது?"

அனுமதி வாங்கிக்கொண்டு ஒரு மாதம் மச்சாளோடு போய் இருந்தேன். அவரும் ஓமாவும் ஒரே மேசையில் சாப்பிட்டார்கள். பேச்சு இல்லை. பாத்திரம் கழுவும்போது ஒருநாள் மச்சாளே சொன்னார்.

"அவர் பிடித்திராவிட்டால் நான் இறங்கியிருப்பேன்."

"தெரியும்."

"இறங்கியிருந்தால் பிள்ளைக்கு ஒருவரும் இல்லை. அதுவும் தெரியும். எனக்கு எல்லாம் தெரியும்." கையிலிருந்த கோப்பையைத் திரும்பத் திரும்பத் துடைத்தார். "ஆனாலும் அந்தக் கைகளை என்னால் பார்க்க முடியவில்லை. ரொட்டி வெட்டும்போது பார்க்க முடியவில்லை."

அடுத்த வருடம் வசந்தத்தில் ஓமா படுக்கையில் விழுந்தார். மச்சாள்தான் தூக்கினார், கழுவினார், ஊட்டினார். கறவைக்கும் பிள்ளைக்கும் நடுவே எல்லாம் செய்தார். சமாதானமானார்களா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. நான் இருந்த நேரங்களில் அப்படி ஒன்றும் காணவில்லை. கோடையில் ஓமா இறந்தார். மகனுக்குப் பக்கத்தில் அடக்கினார்கள்.

தனி ஒருத்தியால் மாடுகளையும் நிலத்தையும் இழுக்க முடியவில்லை. புல்நிலத்தைப் பக்கத்துப் பண்ணைக்காரர் குத்தகைக்கு எடுத்தார். இலையுதிர் காலத்தில் மாடுகளை ஏற்ற லொறி வந்தது. உதவிக்கு நான் போயிருந்தேன். ஒவ்வொன்றாகச் சாய்பலகையில் ஏறின. ஒரு கிழட்டு மாடு மட்டும் மறுத்து நின்றது. வியாபாரி தடியால் அடித்தான், வாலை முறுக்கினான். அது அசையவில்லை.

"அடிக்காதே" என்றார் மச்சாள். என் பக்கம் திரும்பினார். "நீ கூப்பிடு. அவர் கூப்பிடுவதுபோல."

அண்ணை மாடுகளோடு தமிழில்தான் பேசுவார். அது எனக்குத் தெரியும். முன்னால் போய்க் கழுத்தில் கை வைத்து, "வா, ராசாத்தி. வா, வா" என்றேன். மாடு காதை என் பக்கம் திருப்பியது. கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு என் பின்னாலேயே நடந்து லொறிக்குள் ஏறியது. நான் பக்கவாட்டால் இறங்கினேன். வியாபாரி கதவைச் சாத்தினான். நான் கூப்பிட்டதால்தான் அது போனது.

லொறி போனபின் மச்சாள் கேட்டார்: "ராசாத்தி என்றால் என்ன?"

"அரசி."

"எல்லா மாட்டையும் அப்படித்தான் கூப்பிடுவார்" என்றார். சிறிது பொறுத்து, "என்னையும்" என்றார். பிறகு ரப்பர் குழாயை எடுத்துக்கொண்டு வெறும் தொழுவத்துக்குள் போய், வழக்கம்போல ஒரு மூலையிலிருந்து மறுமூலைவரை கழுவினார்.

கிடங்கை மண் போட்டு மூடச் செய்தார். பட்டணத்தில் பாற்கட்டி செய்யும் இடத்தில் வேலை கிடைத்து, பிள்ளையோடு அங்கே குடிபோனார். எங்களுக்கு வதிவிட அனுமதி கிடைத்தபின் நானும் ஒரு ஆஸ்பத்திரிக் குசினியில் சேர்ந்தேன். அம்மா மண்டபத்திலேயே இறந்தார். பேத்தியைக் கண்ணால் காணவில்லை. இந்த நாட்டில் கல்லறையும் குத்தகைதான். காலம் முடிந்தால் திரும்ப எடுக்கவேண்டும், இல்லாவிட்டால் கல்லைக் கழற்றி வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். அண்ணையின் இடத்தை அவர் மகளும் நானும் இன்னொரு முறை எடுத்திருக்கிறோம். அதற்குப் பிறகு எடுப்பதா இல்லையா என்று அவள்தான் பார்க்கவேண்டும்.